வேகம் எடுத்தால் ஆழம் காட்டாத எக்கோ: டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்துவது?

கேள்வி: அண்ணே, நாங்கள் குளச்சல் பக்கம் தூண்டில் தொழில் செய்கிறோம். 28 அடி ஃபைபர் வள்ளம், பின்னால் நடுவில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று. வள்ளத்தைக் கரையில்தான் இழுத்து ஏற்றுகிறோம். புதிதாக ஒரு 50/200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் காட்டும் கருவி) வாங்கி, அதோடு வந்த டிரான்ஸ்டியூசரை (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி வாங்கும் பாகம்) எஞ்சினுக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளி, அடிப்பலகைக்குக் கீழே மூன்று விரற்கடை இறங்கி நிற்கும்படி நானே முடுக்கினேன். மெதுவாகப் போகும்போது ஆழம் சரியாக விழுகிறது. வேகம் எடுத்தால் எண் மின்னி மின்னி நின்றுவிடுகிறது, திரை முழுக்கப் புள்ளி. கெயினை (திரும்பி வரும் ஒலியைப் பெரிதாக்கும் அளவு) கூட்டினால் புள்ளிதான் கூடுகிறது. அடியில் ஓட்டை போட்டு வெண்கல டிரான்ஸ்டியூசர் வைத்தால்தான் சரியாகும் என்கிறார் ஒருவர். ஓட்டையே வேண்டாம், உள்ளே ஒட்டிவிடு என்கிறார் இன்னொருவர். இன்னொரு சந்தேகம்: திரையில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) தெரிந்ததும் நங்கூரம் போட்டால் பார் கிடைப்பதில்லை. 30 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) போலக் காட்டும் இடத்தில் ஈயம் கட்டிய கயிறு விட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று பாகம் கூடுதலாக இருக்கிறது. செட்டே கோளாறா?

பதில்:

தம்பி, செட்டில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெதுவாகப் போகும்போது ஆழம் சரியாக விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதும். செட், வயர், டிரான்ஸ்டியூசர் மூன்றும் நன்றாக இருந்தால்தான் அது நடக்கும். வேகம் எடுக்கும்போது முக்கியமாக மாறுவது டிரான்ஸ்டியூசருக்கு அடியில் ஓடும் தண்ணீர். ஆகவே ஓட்டை போடுவதா, ஒட்டுவதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் வள்ளத்துக்குப் பின்னால் குமிழி இல்லாத தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டிரில் தேவையில்லை.

டிரான்ஸ்டியூசருக்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. செட் அனுப்பும் மின்சாரத்தில் அது அதிர்ந்து ஒலி எழுப்பும், திரும்பி வரும் ஒலியை மறுபடி மின்சாரமாக்கிச் செட்டுக்குக் கொடுக்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். 75 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. ஆனால் நடுவில் காற்றுக்குமிழி வந்துவிட்டால் அந்த ஒலி தாண்டிப் போகாது. தண்ணீரில் போகிற ஒலி காற்றைத் தொட்டதும் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். வில்லையின் முகத்தில் மெல்லிய நுரைப் படலம் ஓடினாலே செட் குருடாகிவிடும். கெயினைக் கூட்டுவது அந்த நுரையின் இரைச்சலைத்தான் பெரிதாக்கும். திரையில் நீங்கள் பார்க்கும் புள்ளி அதுதான்.

இப்போது நீங்கள் பொருத்தியிருக்கும் இடத்தைப் பார்ப்போம். அங்கே மூன்று தொந்தரவு இருக்கிறது.

எஞ்சினுக்கு ஒரு சாண் தள்ளி என்பது மிகவும் பக்கம். புரொப்பல்லர் அடிக்கும் நுரை அங்கே தாராளமாக எட்டும். கம்பெனிக் கையேடுகளில் புரொப்பல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர், அதாவது ஒன்றே கால் அடி தள்ளி வைக்கச் சொல்வார்கள். இடம் இருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தள்ளுவேன். ஆனால் ஓரத்துக்கே கொண்டுபோய்விடக் கூடாது. அடி சரிவாக இருக்கும் வள்ளம் திரும்பும்போதும் அலையில் உருளும்போதும் ஓரம் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடம்தான் நல்லது.

அடுத்தது, இடது பக்கம். ஒற்றை எஞ்சின் என்றால் பெரும்பாலும் புரொப்பல்லர், பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கம் சுற்றும். அப்படியானால் வலது பக்கம் இதழ் கீழ்நோக்கி இறங்கும், இடது பக்கம் மேல்நோக்கி ஏறும். இறங்கும் பக்கத்தில் வைப்பதுதான் முறை. எஞ்சினை கியரில் போட்டு ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடிகாரச் சுற்று என்றால் வலது பக்கத்துக்கு மாற்றுங்கள்.

மூன்றாவதைத்தான் நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள். ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நினைத்து மூன்று விரற்கடை இறக்கியிருக்கிறீர்கள். பலகைக்குக் கீழே அவ்வளவு நீட்டிக்கொண்டு நின்றால், ஓடுகிற தண்ணீர் டிரான்ஸ்டியூசரின் நெற்றியிலும் பிராக்கெட்டிலும் மோதி அங்கேயே நுரை கிளம்பும். பின்னால் சேவல் வால் போலத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் இதுதான் காரணம். ஃபைபர் அடிக்கு டிரான்ஸ்டியூசரின் முகம் அடிப்பலகையின் மட்டத்திலிருந்து 3 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். அலுமினிய வள்ளத்துக்கு 10 மில்லிமீட்டர் சொல்வார்கள். அடியோடு ஒட்டி வழுக்கி வரும் தண்ணீர் அப்படியே முகத்தைத் தடவிக்கொண்டு போக வேண்டும். போதவில்லை என்றால் இன்னொரு 3 மில்லிமீட்டர் இறக்கிப் பார்க்கலாம். ஒரேயடியாக இறக்க வேண்டாம்.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அமைதியான காலையில், எஞ்சினை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தொழிலுக்கு ஓடும் வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கை எஞ்சின் பக்கம் போகாமல், பின்பலகைக்கு மேலே குனிந்து தண்ணீரைப் பாருங்கள். பலகையை விட்டுத் தண்ணீர் பிரியும் கோட்டில் சில இடங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுத்துக்கொண்டு வரும். நடுவில் ஏராவின் (அடியில் நீளமாக ஓடும் நடுக்கட்டை) பின்னால் ஒன்று வரும். அடியில் நீளவாக்கில் வரம்பு போட்டிருந்தால் ஒவ்வொரு வரம்புக்கும் பின்னால் ஒன்று வரும். முன்பு எப்போதோ ஒட்டுப்போட்ட இடம் துருத்திக்கொண்டிருந்தால் அதற்கும் ஒன்று. இந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி, நுரையில்லாமல் பச்சையாக வழியும் பட்டை ஒன்று இருக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பட்டைதான். சாக்பீஸால் பலகையின் மேல் விளிம்பில் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இப்போதிருக்கும் டிரான்ஸ்டியூசரைக் கழற்றி, ஒரு நேரான ரீப்பர் கட்டையின் நுனியில் பிராக்கெட்டோடு முடுக்குங்கள். அந்த ரீப்பரைக் குறி போட்ட இடத்தில் பின்பலகையோடு இரண்டு ஜி-கிளாம்பால் இறுக்குங்கள். கழன்று தண்ணீரில் போய்விடாமல் ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். முகம் 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதா, தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். முன்முனை பின்முனையைவிட ஒரு நூல் உயர்ந்திருந்தால் நல்லது, குமிழி முகத்தில் தங்காமல் வழுக்கிப் போகும். முன்முனை தாழ்ந்திருந்தால் எந்த இடத்தில் வைத்தாலும் பிரயோசனம் இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வள்ளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஐஸ், பெட்ரோல் கேன், நங்கூரம், வழக்கமாக ஏறும் ஆட்கள் எல்லாம் இருக்கட்டும். பாரம் பின்னால் இருந்தால் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) தூக்கும், டிரான்ஸ்டியூசரின் சாய்வும் மாறும். தொழிலுக்குப் போகும் பாரத்தில் எந்த இடத்தில் எண் நிற்காமல் விழுகிறதோ அதுதான் இடம். ஒரு இடத்தில் சரியில்லை என்றால் நாலு விரற்கடை தள்ளி மறுபடி இறுக்குங்கள். கெயினை ஆட்டோவில் விட்டுவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒரு காலை நேரம் இதற்கு முழுதாகப் போனாலும் போகட்டும். ஓட்டை போட்ட பிறகு இடம் தப்பு என்று தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அந்த இரண்டு யோசனைக்கு வருகிறேன்.

அடியில் ஓட்டை போட்டு வெண்கல டிரான்ஸ்டியூசர் வைப்பது, துறைமுகத்தில் மிதந்தபடியே நிற்கும் விசைப்படகுகளுக்கு மிக நல்ல முறை. வேகத்திலும் நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிறீர்கள். அடிக்குக் கீழே துருத்தி நிற்கும் எதுவும் அந்த இழுப்பில் முதல் அடியை வாங்கும். முகம் மணலில் உரசித் தேய்ந்துபோன டிரான்ஸ்டியூசர்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அது தேய்வதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் அந்தத் தண்டு அசைந்து, ஓட்டையைச் சுற்றியுள்ள ஃபைபரில் கீறல் விடும். கரையிலிருந்து பல மைல் தள்ளி, இருட்டில், தட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறுவது தெரியாமல் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். ஆழம் காட்டும் கருவிக்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டாம்.

உள்ளே ஒட்டும் யோசனை அவ்வளவு மோசமில்லை, ஆனால் எல்லா வள்ளத்துக்கும் பொருந்தாது. ஒலி ஃபைபரைத் துளைத்துக்கொண்டு போகும். நடுவில் ஃபோமோ மரப்பலகையோ வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் போட்ட அடியாக இருந்தால் போகாது. நம் பக்கத்து வள்ளங்களில் பலவற்றில் தட்டுக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் நிரப்பியிருப்பார்கள். அதை வெட்டி எடுத்து இடம் பண்ணுவது எனக்குச் சம்மதமில்லை, அது உங்கள் உயிர் காக்கும் சரக்கு. தட்டைத் திறந்தால் வெறும் ஃபைபர் அடி கைக்கு எட்டுகிறது என்றால் மட்டும் இப்படிச் சோதியுங்கள்: கெட்டியான பாலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். அடியை ஈரமாக்கி அதன் மேல் பையை வைத்து அழுத்திப் பிடித்து, செட் எவ்வளவு ஆழம் வரை காட்டுகிறது என்று பாருங்கள். அதே இடத்தில் டிரான்ஸ்டியூசரை வெளியே தண்ணீரில் தொங்கவிட்டும் பாருங்கள். உள்ளே வைத்தால் வலு கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஒலி போகும்போதும் வரும்போதும் ஃபைபரைத் தாண்ட வேண்டும். குறைவு கொஞ்சம்தான் என்றால் ஒட்டலாம். ஒட்டுவதற்கு, குமிழி விழாமல் மெதுவாகக் கலக்கிய எபாக்சிதான் வேண்டும். வீட்டுச் சிலிகான் வேண்டாம். உள்ளே ஒட்டினால் செட் காட்டும் வெப்பநிலை வள்ளத்துடையது, கடலுடையது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, உங்கள் வள்ளத்துக்கு என் தேர்வு பின்பலகைதான். பிராக்கெட் மட்டும் தட்டினால் மேலே மடங்குகிற வகையாக இருக்கட்டும். மிதக்கும் கட்டையோ வலைக்கயிறோ இடித்தால் உடையாமல் மடங்கிக்கொள்ளும், கரை ஏற்றும்போது கையால் மேலே தூக்கிவிடலாம். அலைக்குள் நுழையும் முன்பே தூக்கிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இடம் முடிவான பிறகு நேரடியாகப் பின்பலகையில் ஓட்டை போடாதீர்கள். அரை அங்குல கனமுள்ள எச்டிபிஇ பிளாஸ்டிக் பலகை ஒன்றை அங்கே நிரந்தரமாக முடுக்கி, டிரான்ஸ்டியூசர் பிராக்கெட்டை அந்தப் பலகையில் முடுக்குங்கள். பின்னால் இடத்தைக் கொஞ்சம் மாற்ற நினைத்தாலும், வேறு செட் வாங்கினாலும், புது ஓட்டை அந்தப் பலகையில்தான் விழும், வள்ளத்தில் விழாது. இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், நம் ஃபைபர் வள்ளங்களின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். சரியாக அடைக்காத ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் ஊறி ஊறி உள்ளே மரம் இற்றுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் தொங்குவதும் அதே பலகையில்தான்.

ஓட்டை போடும்போது வெளியே பளபளவென்று இருக்கும் ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயராமலிருக்க, அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டு துளையுங்கள். ஸ்க்ரூ 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஓட்டைக்குள்ளும் ஸ்க்ரூ மரையிலும் சிக்காஃப்ளெக்ஸ் 291 மாதிரியான மரைன் சீலன்ட் நிரப்பி முடுக்குங்கள். எச்டிபிஇ பலகையில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது, ஆகவே பலகையைப் பிடித்திருப்பது ஸ்க்ரூதான், சீலன்ட் தண்ணீரை அடைக்க மட்டும். பழைய இடத்தில் நீங்கள் போட்ட ஓட்டைகள் இருக்கின்றனவே, அவற்றை நன்றாகக் காயவிட்டு எபாக்சியால் அடையுங்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

வயரை வெட்டி ஒட்டுவது வேண்டவே வேண்டாம். மிச்சமிருந்தால் தளர்வாகச் சுருட்டிக் கட்டி வையுங்கள். எஞ்சின் வயர், விஎச்எஃப் ரேடியோவின் ஆண்டெனா வயர் இவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள், இரைச்சல் ஏறும். செட்டுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர், நடுவில் கையேட்டில் சொன்ன அளவில் ஃபியூஸ்.

இனி பார் விஷயம். இதுவும் கோளாறு இல்லை, ஒலி விரிந்து போவதால் வருவது.

டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும். உங்கள் செட்டோடு வருகிற வகையில் 200 கிலோஹெர்ட்ஸ் கூம்பு சுமார் 12 டிகிரி, 50 கிலோஹெர்ட்ஸ் கூம்பு சுமார் 45 டிகிரி இருக்கும். 30 பாகத்தில் 200 வைத்தால் தரையில் விழும் வட்டம் ஆறு பாகம் அகலம். 50 வைத்தால் அதே ஆழத்தில் 25 பாகம் அகலம்! அந்த வட்டத்துக்குள் எந்த இடம் உங்களுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறதோ அதன் ஒலிதான் முதலில் திரும்பி வரும், செட் அதைத்தான் ஆழம் என்று எண்ணில் காட்டும். வட்டத்தின் ஓரத்தில் ஒரு பாரின் முனை நின்றாலும் திரையில் அது நேர் கீழே இருப்பதுபோல்தான் தெரியும். நீங்கள் ஈயம் விட்டால் அது நேராகப் பாருக்கு வெளியே மணலில் போய் விழும். இரண்டு மூன்று பாகம் வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான்.

வேறு இரண்டு சின்னக் காரணமும் சேரும். நீரோட்டத்தில் ஈயக் கயிறு சாய்ந்து விழுந்தால் கயிற்றின் நீளம் உண்மையான ஆழத்தைவிடக் கூடும். இன்னொன்று, செட் பொதுவாக ஒலியின் வேகம் 1500 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடும். நம் கடல் சூடு, மேல்நீரில் ஒலி 1540 மீட்டர் அளவுக்கு ஓடும். அதனால் 30 பாகத்தில் செட் முக்கால் பாகம் வரை குறைத்துக் காட்டலாம். ஈயமும் எக்கோவும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தட்டையான மணல் தரையில், ஓட்டம் நின்ற நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது வித்தியாசம் ஒரு பாகத்துக்குள் வந்துவிட்டால் உங்கள் செட் ஒழுங்காக இருக்கிறது.

பார் தேடும் முறையைக் கொஞ்சம் மாற்றுங்கள். தூரத்திலிருந்து தேடும்போது 50 நல்லது, அகலமாகப் பிடிக்கும், ஆழமும் எட்டும். பார் தட்டுப்பட்டதும் 200-க்கு மாற்றி, மெதுவாக, வந்த வழிக்குக் குறுக்காக ஒரு முறை கடந்து போங்கள். இரண்டு முறையும் பாரின் உச்சி எந்த இடத்தில் வருகிறதோ அங்கே ஜிபிஎஸ்ஸில் குறி போடுங்கள். கோடு மேலே ஏறத் தொடங்கும் இடத்தைக் குறிக்கக் கூடாது. உச்சியைத்தான் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டமும் காற்றும் பார்த்து மேலேறி நங்கூரம் விடுவதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தரை பாறையா சேறா என்பதையும் இதே திரை சொல்லும். பாறை என்றால் கோடு கெட்டியாக, பளிச்சென்று விழும். கெயின் போதுமான அளவில் இருந்தால் அதே ஆழத்தின் இரண்டு மடங்கில் இன்னொரு கோடும் தெரியும். தரையில் பட்டு மேலே வந்த ஒலி கடல்மட்டத்தில் மோதி மறுபடி இறங்கிப் போய்த் திரும்புவது அது. சேற்றில் அந்த இரண்டாவது கோடு பெரும்பாலும் வராது. 12 பாகம் இருக்கும் இடத்தில் சில நேரம் 24 என்று காட்டுவதும் இந்த இரண்டாவது எதிரொலியைச் செட் தரை என்று எடுத்துக்கொள்வதால்தான். அந்த நேரத்தில் ஆழ எல்லையைக் கையால் 20 பாகத்துக்குள் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியாகப் பராமரிப்பு. டிரான்ஸ்டியூசரின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் ஒட்டாமல் மெல்லிய காற்றுப் படலம் நின்றுவிடும். கடலில் இறக்கும் முன் சோப்புத் தண்ணீர் தொட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் அதன் மேல் படக் கூடாது, பிளாஸ்டிக் கெட்டுவிடும். வள்ளம் கரையில் இருக்கும்போது செட்டை ஓடவிட்டு வைக்காதீர்கள், வில்லை தண்ணீருக்குள் அதிர்வதற்காகச் செய்தது, காற்றில் ஓடினால் பழுதாகலாம்.

ரீப்பரில் கட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்த இடத்தில் வைத்தும் வேகத்தில் எண் விழவில்லை என்றால், வள்ளத்தைக் கரையில் ஏற்றியிருக்கும்போது அடிப்பக்கமும் பின்பலகையும் தெரியும்படி பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வரம்புகள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.